ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி: வீட்டில் யார் யாருக்கு வேண்டும்?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். அம்மாவுக்கு 61, எந்த நோயும் இல்லை. மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். பையனுக்கு மூன்று வயது. எனக்கு 36, சிகரெட் பழக்கம் உண்டு. இதில் யாருக்கு எது தேவை? ஒருமுறை போட்டால் போதுமா? அப்பா, 'ஊசி போட்டால்தான் காய்ச்சலே வரும்' என்கிறார்."

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ளூ ஊசி உங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் வேண்டும். நிமோனியா ஊசி அப்பாவுக்குக் கட்டாயம் வேண்டும். உங்களுக்கும் வேண்டும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அம்மா போட்டுக்கொண்டால் நல்லது. பையனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே போட்டிருப்பார்கள், அட்டையை எடுத்துப் பாருங்கள். மனைவிக்கு வேறு நோய் எதுவும் இல்லையென்றால் இப்போது நிமோனியா ஊசி தேவையில்லை.

இரண்டும் ஒரே மாதிரியான ஊசிகள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா வைரஸால் வருவது. அந்த வைரஸ் தன் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், ஊசியில் எந்தெந்த வைரஸ் வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. ஊசி தரும் பாதுகாப்பும் சில மாதங்களில் இறங்கத் தொடங்கும். இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் ஆண்டுதோறும் போட வேண்டும்.

'நிமோனியா ஊசி' என்று நாம் சொல்வது நியூமோகாக்கஸ் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவுக்கு எதிரானது. நிமோனியா பல கிருமிகளால் வரும். அவற்றில் அடிக்கடி வருவதும் ஆளைச் சாய்ப்பதும் இந்த நியூமோகாக்கஸ். நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்தில் புகும், மூளையுறையையும் தாக்கும். ஆகவே ஊசி போட்ட பிறகும் வேறு கிருமியால் நிமோனியா வரலாம். அப்படி வந்தால் ஊசி பொய்த்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊசி ஆண்டுதோறும் தேவையில்லை. புதிய வகைகளில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு டோஸ்தான்.

டாக்டர் ஏன் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்? நியூமோகாக்கஸ் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளிடம், ஒரு தொந்தரவும் செய்யாமல் தங்கியிருக்கும். மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. காற்றில் அசையும் நெற்பயிர் போல ஒரே திசையில் அலையடித்து, சளியையும் அதில் ஒட்டிய கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. ஃப்ளூ வைரஸ் அந்தச் சுவரையே உரித்துவிடுகிறது. காவல் போன பாதையில் பாக்டீரியா தடையின்றி நுரையீரலுக்குள் இறங்குகிறது. ஃப்ளூ வந்தவருக்கு நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கி, 'அப்பாடா' என்று எழுந்து உட்காரும் நேரத்தில் மறுபடி குளிர் நடுக்கம், நெஞ்சுவலி, துரு நிறத்தில் சளி என்று ஆரம்பித்தால், நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். 1918 ஃப்ளூ பெருந்தொற்றில் இறந்தவர்களின் பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் திசுக்களைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, பெரும்பாலானவர்களிடம் பாக்டீரியா நிமோனியாவின் தடயம் இருந்தது. 2008இல் இது விரிவாக வெளிவந்தது. முதல் ஊசி கதவை உடைக்க வருபவனைத் தடுக்கிறது, இரண்டாவது உள்ளே நுழையக் காத்திருப்பவனை.

இனி அப்பா. அவர் விஷயத்தில் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன: வயது, சர்க்கரை, இதயம். ஃப்ளூவைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுகிறோம். இதய நோயாளிக்கு அதன் அடி வேறு இடத்தில் விழுகிறது. காய்ச்சலும் உடல் முழுக்க எழும் அழற்சியும் ரத்தத்தை எளிதில் உறையவைக்கும், ரத்தக்குழாயில் ஏற்கெனவே படிந்த கொழுப்பைப் பிளக்கவும் செய்யும். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அடுத்த ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்காக இருந்தது. 2021இல் வெளியான இன்னொரு ஆய்வில், மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அங்கேயே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்தார்கள். போடாதவர்களைவிட அவர்களிடம் அடுத்த ஓராண்டில் மரணங்கள் குறைவாக இருந்தன. அதனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு ஃப்ளூ ஊசி இதயத்துக்கான மருந்துகளில் ஒன்று என்றே நான் சொல்வேன். மாத்திரை டப்பாவை மறக்காத வீட்டில் இதையும் மறக்கக் கூடாது.

65 வயதுக்கு மேல் சாதாரண ஃப்ளூ ஊசிக்கு உடம்பு சோம்பலாகத்தான் பதில் தருகிறது. அதற்காகவே நான்கு மடங்கு மருந்துள்ள உயர் டோஸ் ஊசி இருக்கிறது. சுமார் 32 ஆயிரம் முதியவர்களிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், சாதாரண ஊசி போட்டவர்களைவிட உயர் டோஸ் போட்டவர்களுக்கு ஃப்ளூ 24 சதவீதம் குறைவாக வந்தது. எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியும் உண்டு. இவற்றில் ஒன்று கிடைத்தால் அப்பாவுக்கு அதைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அதைத் தேடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், இருப்பதைப் போட்டுவிடுங்கள்.

'ஊசி போட்டால்தான் காய்ச்சல் வரும்' என்ற அவருடைய பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். அவர் எங்கோ கண்ணால் பார்த்திருப்பார். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகளோ அதன் ஒரு புரதம் மட்டுமோதான் இருக்கும். அதிலிருந்து ஃப்ளூ வர வழியே இல்லை. ஊசிக்கு உடம்பு பதில் தரும்போது கை வலிக்கும், ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் அசதியும் இருக்கலாம். அப்புறம், பாதுகாப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் ஃப்ளூ தொற்றினால் ஊசியால் வந்தது என்று தோன்றும். ஃப்ளூ சீசனில் வேறு சளி வைரஸ்களும் சுற்றிக்கொண்டிருக்கும், அவற்றின் பழியும் ஊசி மேல்தான் விழும். ஊசியும் நூற்றுக்கு நூறு இல்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வைரஸோடு நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், டாக்டரைப் பார்க்கும் அளவுக்கு ஃப்ளூ வருவதை அது 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. ஊசி போட்டும் வந்தால், பெரும்பாலும் ஐசியூ வரை போகாமல் முடிகிறது. அவரிடம் பேசும்போது இந்த இரண்டாவது பயனை முதலில் சொல்லுங்கள்.

'நிமோனியா வந்தால் ஆன்டிபயாடிக் இருக்கிறதே' என்றும் கேட்பார். ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற அமெரிக்க மருத்துவர் 1964இல் இதற்குப் பதில் தந்தார். நியூமோகாக்கஸ் ரத்தத்தில் புகுந்த நோயாளிகளின் கணக்கைப் பார்த்தபோது, பென்சிலின் பலரைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் முதல் ஐந்து நாட்களில் நேரும் மரணங்களை அதனால் பெரிதாகக் குறைக்க முடியவில்லை. கிருமி அவ்வளவு வேகமாக வேலையை முடித்துவிடுகிறது. பென்சிலின் வந்ததால் ஓரம்கட்டப்பட்டிருந்த நியூமோகாக்கஸ் தடுப்பூசியை மறுபடி உயிர்ப்பித்தவரும் அவர்தான். 1977இல் 14 வகைகளுக்கான ஊசி அனுமதி பெற்றது, 1983இல் 23 வகைகளுக்கானது வந்தது.

இந்த எண்கள் பலரைக் குழப்புகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நியூமோகாக்கஸில் நூறு வகைகளுக்கு மேல் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வேறு சர்க்கரைப் பூச்சால் ஆன உறையை மேலே போர்த்திக்கொண்டிருக்கும். பழைய 23 வகை ஊசியில் அந்த உறைப்பொருள் மட்டும்தான் இருக்கிறது. அது கொஞ்ச காலத்துக்கு எதிர்ப்பைத் தரும், நீண்ட நினைவை உண்டாக்காது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடம்பு அதைக் கண்டுகொள்வதே இல்லை. பிறகு வந்த கான்ஜுகேட் ஊசிகளில் அதே உறைப்பொருளை ஒரு புரதத்தோடு இணைத்திருக்கிறார்கள். புரதத்தைப் பார்த்ததும் எதிர்ப்பாற்றலின் வேறொரு பிரிவும் விழித்துக்கொள்கிறது, நினைவும் தங்குகிறது. பிசிவி 13, பிசிவி 15, பிசிவி 20, பிசிவி 21 என்பவை இந்த இனம். எண் என்பது அடங்கிய வகைகளின் எண்ணிக்கை. 23 தான் பெரிய எண், அதனால் அதுவே சிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நெதர்லாந்தில் 65 வயதைத் தாண்டிய சுமார் 85 ஆயிரம் பேரிடம் பிசிவி 13 போட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. ஊசியில் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா 46 சதவீதமும், அவை ரத்தம் போன்ற இடங்களில் புகுந்து வரும் தீவிர நோய் 75 சதவீதமும் குறைந்திருந்தன.

அப்பா இதுவரை எதுவும் போடவில்லை என்றால் பிசிவி 20 அல்லது 21 ஒரு டோஸ், வேலை முடிந்தது. பிசிவி 15 தான் கிடைக்கிறது என்றால், அதைப் போட்டு ஓராண்டு கழித்து 23 வகை ஊசி. எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்களுக்கு இந்த இடைவெளியை எட்டு வாரமாகக் குறைக்கலாம். முன்பே 23 வகை ஊசி மட்டும் போட்டிருந்தால், ஓராண்டு விட்டு ஒரு கான்ஜுகேட் ஊசி. 'நாலு வருஷம் முன்னாடி ஏதோ நிமோனியா ஊசி போட்டேன்' என்று சொல்பவர்களிடம் எந்த ஊசி என்று கேட்டால் தெரியாது. மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டை வாங்கி, தேதியோடு ஒரு நோட்டில் ஒட்டிவைத்துவிடுங்கள். அடுத்த டாக்டருக்கு அதைவிட உதவியான தகவல் இல்லை.

ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவார். அதற்காக ஊசியைத் தவிர்க்க வேண்டாம், மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது. ஊசி போடுபவரிடம் முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியால் போடுவார்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். ஃப்ளூ ஊசி ஒரு கையில், நிமோனியா ஊசி மறு கையில் என்று இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தோளைத் தளரவிட்டு உட்காரச் சொல்லுங்கள். விறைப்பாக வைத்துக்கொண்டால் மறுநாள் வலி கூடும்.

உங்கள் பட்டியலில் இல்லாத சிலரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் விடுபடுபவர்கள் அவர்கள்தான். வயதானவர்களுக்கு யாராவது நினைவூட்டிவிடுகிறார்கள். முப்பதிலிருந்து அறுபது வரை உள்ள நோயாளிகளை யாரும் கேட்பதில்லை. சர்க்கரை, ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம், அதிகக் குடிப்பழக்கம், எச்ஐவி, புற்றுநோய், உறுப்பு மாற்று சிகிச்சை, தொடர் ஸ்டீராய்டு: இவற்றில் ஒன்று இருந்தால் வயது எதுவானாலும் இரண்டு ஊசியும் வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருபவர்கள் மண்ணீரல் இல்லாதவர்கள். விபத்தில் அடிபட்டு அதை எடுத்திருப்பார்கள், அல்லது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் சிக்கிள் செல் நோயால் அது செயலற்றுப் போயிருக்கும். உறை போர்த்திய பாக்டீரியாவை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரலின் வேலை. அது இல்லாதவருக்குக் காலையில் லேசான குளிர்க்காய்ச்சல் மாதிரி தொடங்கி, மாலைக்குள் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். அறுவை சிகிச்சை நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இந்த ஆபத்து போவதில்லை. வயிற்றில் நீளத் தழும்போடு, மற்றபடி திடகாத்திரமாக இருக்கும் உறவினர் யாராவது உங்களுக்கு இருந்தால் இன்றே கேளுங்கள். அவருக்கு நியூமோகாக்கஸ் ஊசியோடு வேறு சில ஊசிகளும் தேவைப்படும். திட்டமிட்டு மண்ணீரலை எடுக்கப் போகிறார்கள் என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். கேட்கும் திறனுக்காகக் காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்துபவர்களுக்கும் முன்கூட்டியே போடுவது அவசியம், அவர்களுக்கு மூளையுறைக் காய்ச்சல் வரும் வாய்ப்பு அதிகம்.

மூட்டுவாதம் போன்ற நோய்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு எப்போது போடுவது என்பதும் முக்கியம். அவற்றில் ஒன்றான ரிட்டுக்ஸிமாப் போட்ட பிறகு மாதக்கணக்கில் தடுப்பூசிக்கு உடம்பு சரியாகப் பதில் தராது, அதனால் முடிந்தால் மருந்து தொடங்கும் முன்பே போட வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு, நோய் கட்டுக்குள் இருந்தால், ஃப்ளூ ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் அதை நிறுத்தச் சொல்வதுண்டு. டாக்டர்தான் இதை முடிவு செய்ய வேண்டும். ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் பேச்சே வராமல் போகலாம்.

மனைவிக்கு ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். கர்ப்பத்தில் இதயமும் நுரையீரலும் ஏற்கெனவே கூடுதல் வேலை செய்துகொண்டிருக்கின்றன, எதிர்ப்பாற்றலும் மாறியிருக்கும். 2009இல் எச்1என்1 என்ற ஃப்ளூ வகை பரவியபோது அமெரிக்காவில் மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதமே இருந்த கர்ப்பிணிகள், அந்த நோயால் இறந்தவர்களில் சுமார் 5 சதவீதமாக இருந்தார்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அந்த முதல் ஆறு மாதத்துக்கு அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அம்மாவின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வரும் எதிர்ப்புப் பொருள்தான். ஒரே ஊசி இரண்டு பேரைக் காக்கிறது. மூக்கில் அடிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்தை மட்டும் அவருக்குக் கொடுக்கக் கூடாது. அதில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. கக்குவான் இருமலுக்கான ஊசி பற்றியும் அடுத்த பரிசோதனையில் கேளுங்கள்.

பையனுக்கு வாழ்க்கையில் இது முதல் ஃப்ளூ ஊசி என்றால் இரண்டு டோஸ் வேண்டும், நடுவில் குறைந்தது நான்கு வார இடைவெளி. ஆறு மாதத்திலிருந்து எட்டு வயது வரை இதுதான் முறை. அடுத்த ஆண்டிலிருந்து ஒன்று போதும். இரண்டாவது டோஸை விட்டுவிடும் பெற்றோர்கள் அதிகம், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் போடும் நிமோனியா ஊசி தாத்தா பாட்டியையும் காக்கிறது. அமெரிக்காவில் 2000இல் குழந்தைகளுக்கு பிசிவி 7 போடத் தொடங்கியதும், ஊசியே போடாத முதியவர்களிடமும் அந்த வகைக் கிருமிகளால் வரும் தீவிர நோய் குறைந்தது. குழந்தைகளின் மூக்கிலிருந்து கிருமி மறைந்ததுதான் காரணம்.

அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி உறுதியாக வேண்டும், அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பது ஒன்றே போதுமான காரணம். நிமோனியா ஊசிக்கான வயது வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் 60 அல்லது 65. அமெரிக்கா 2024 அக்டோபரில் அதை 65இலிருந்து 50ஆகக் குறைத்தது. அம்மாவின் வயதில் போட்டுக்கொள்வதையே நான் ஆதரிப்பேன்.

உங்களுக்கு 36 தான், ஆனால் புகைப்பவர். ஃப்ளூ வைரஸ் செய்யும் அதே சேதத்தை, அந்த மயிரிழைகளை முடக்குவதை, சிகரெட் தினமும் செய்துகொண்டிருக்கிறது. ஆரோக்கியமான இளையவர்களிடையே நியூமோகாக்கஸ் ரத்தத்தில் புகும் நோய் புகைப்பவர்களுக்கே அதிகம். அதனால் வயது குறைவாக இருந்தாலும் உங்களுக்கும் பிசிவி ஊசி உண்டு. கர்ப்பிணி மனைவியும் பிறக்கப்போகும் குழந்தையும் வீட்டில் இருப்பதால் ஃப்ளூ ஊசி கூடுதல் அவசியம். சிகரெட்டை விடுவது பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

யாருக்குப் போடக் கூடாது? முன்பு இதே ஊசி போட்டபோது மூச்சுத் திணறல், முகவீக்கம் என்று கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு. முட்டை ஒவ்வாமைக்காகத் தவிர்த்த காலம் போய்விட்டது, அவர்களுக்கும் இப்போது ஃப்ளூ ஊசி போடலாம். ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கைகால்களை வலுவிழக்கச் செய்யும் கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்திருந்தால், டாக்டரிடம் பேசாமல் மறுபடி போட வேண்டாம். இந்த நோய் ஊசியால் வந்தால்கூட, பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான். லேசான சளி இருப்பது தடையில்லை. நல்ல காய்ச்சலாக இருந்தால் தெளிந்த பிறகு போடுங்கள். உங்கள் ஊரில் ஃப்ளூ பரவும் மாதங்களுக்குச் சில வாரம் முன்பே போடுவது சிறந்தது. அந்த நேரம் தவறி, பரவிக்கொண்டிருக்கும்போது போட்டாலும் பயன் உண்டு.

கடைசியாக ஒன்று. ஊசி போட்டாயிற்று என்று அப்பாவின் காய்ச்சலைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். திடீரென்று காய்ச்சல், கடும் உடல்வலி, வறட்டு இருமல் வந்தால் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். மனைவிக்கும் இதே அவசரம் பொருந்தும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, குறைந்த காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.